பொருள்: வீட்டு இசை சர்வரைச் செயலி கண்டுபிடிக்காத கோளாறு, அதன் காரணம், சந்தாத் தொகை குறித்து

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இசைச் செயலியின் ஆண்டுச் சந்தாவைக் கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். பதிப்பு 4-க்கு மாறியதிலிருந்து, வீட்டில் உள்ள இசை சர்வரைச் செயலி சில நேரம் கண்டுபிடிக்கிறது, பல நேரம் 'சர்வர் எதுவும் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது. இதுபற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். ரௌட்டரை அணைத்துப் போடுங்கள், செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள், சர்வரின் ஃபயர்வாலை (தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் பாதுகாப்பை) எடுத்துவிடுங்கள் என்ற பதில்தான் மூன்று முறையும் வந்தது. கோளாறு என் வீட்டு நெட்வொர்க்கில் இல்லை, தங்கள் செயலியில் இருக்கிறது. அதைத் தங்கள் நிரலாளர்கள் சரிபார்க்க வசதியாக, விவரங்களை இங்கே தருகிறேன்.

பாட்டுக் கோப்புகள் இருக்கும் என் சர்வர், ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி. அதில் ஜெர்பெரா என்ற மென்பொருள் ஓடுகிறது. வீட்டு நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று தானே கண்டுகொள்ளும் யுபிஎன்பி முறையில் அது பாட்டுகளை வழங்குகிறது. ரௌட்டரோடு ஈதர்நெட் கேபிளில் இணைத்திருக்கிறேன். முகவரி 192.168.1.20, போர்ட் (அந்தச் சேவைக்கான வாசல் எண்) 49152. ஆண்ட்ராய்டு கைப்பேசி அதே ரௌட்டரின் வைஃபையில் 192.168.1.34 என்ற முகவரியில் இருக்கிறது. கைப்பேசியின் பிரவுசரில் சர்வர் முகவரியைப் போர்ட்டோடு அடித்தால் ஜெர்பெராவின் பக்கம் உடனே திறக்கிறது. அதே கைப்பேசியில் விஎல்சி என்ற வேறொரு செயலி சர்வரைக் கண்டுபிடித்துப் பாட்டும் போடுகிறது.

பிரவுசரில் பக்கம் திறப்பதால் மட்டும் மல்டிகாஸ்ட் போக்குவரத்து (ஒரே செய்தியைப் பல சாதனங்களுக்கு ஒருசேர அனுப்புவது; சர்வரைத் தேடுவது இதன் வழியாகத்தான்) சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில ரௌட்டர்கள் வைஃபையிலிருந்து கேபிள் பக்கம் போகும் மல்டிகாஸ்டை மட்டும் விழுங்கிவிடும். ஆகவே ராஸ்பெர்ரி பையில், நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, கைப்பேசியின் முகவரியிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் பார்த்தேன். தேடல் செய்தி வரும் போர்ட் 1900-ஐ மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதாது. ஜெர்பெராவின் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து கிளம்புவதால் அது கண்ணில் படாமல் போகும்.

செயலியைத் திறந்ததும் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, யுடிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத அனுப்பும் முறையில், போர்ட் 1900-க்கு, 'எம்-சர்ச்' என்ற தேடல் செய்தி ஒன்று வருகிறது. ஒரே ஒன்றுதான். அதற்குள் 'எம்எக்ஸ்' மதிப்பு 5 என்று இருக்கிறது. சாதனங்களெல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லி நெரிசல் ஆகாமலிருக்க, 0 முதல் 5 விநாடிக்குள் ஏதாவது ஒரு கணத்தில் பதில் அனுப்பலாம் என்பது அதன் பொருள். ஜெர்பெரா அந்த விதிப்படியே நடக்கிறது: சில முறை உடனே, சில முறை 1 விநாடி, 2 விநாடி, 3 விநாடி கழித்துப் பதில் அனுப்புகிறது. தங்கள் செயலியோ 2 விநாடியிலேயே காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் பதிலுக்குக் கைப்பேசியிடமிருந்து 'போர்ட் இல்லை' என்ற ஐசிஎம்பி பிழைச் செய்தி சர்வருக்குத் திரும்பி வருவது பதிவில் தெளிவாகத் தெரிகிறது. ஐந்து விநாடி வரை பதில் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் கதவைச் சாத்தினால் சர்வர் என்ன செய்யும்?

அடுத்தடுத்து 20 முறை திறந்து பார்த்ததில் 9 முறை சர்வர் கிடைத்தது, 11 முறை கிடைக்கவில்லை. கிடைக்காத 11 முறையும் பதில் 2 விநாடிக்குப் பிறகு வந்தவை. தங்கள் சேவைப் பிரிவு சொல்லும் வழிகள் 'பலிப்பது' போலத் தோன்றுவதும் இதனால்தான். ரௌட்டரை அணைத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், திறக்கும் முறைகளில் ஏறக்குறைய பாதியில் சர்வர் கிடைத்துவிடும். ஃபயர்வாலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கேள்வி உள்ளே வந்து பதில் வெளியே போயிருக்கிறது. விவரம் அறியாத வாடிக்கையாளர் ஒருவர் தங்கள் பேச்சைக் கேட்டு ஃபயர்வாலை எடுத்துவிட்டு அப்படியே மறந்துபோனால், அவர் சர்வர் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். அந்த அறிவுரையைப் பதில்களிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். சர்வரை மறுபடி தொடங்கினால் அது 'நான் இருக்கிறேன்' என்று தானே மல்டிகாஸ்டில் அறிவிக்கும். அதையும் தங்கள் செயலி கேட்பதில்லை. ஆண்ட்ராய்டில் இந்த அறிவிப்புகளைப் பெறுவதற்குச் செயலி 'மல்டிகாஸ்ட் லாக்' எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அவற்றை வடிகட்டிவிடும். செயலியின் அனுமதிப் பட்டியலில் வைஃபை மல்டிகாஸ்டுக்கான வரியே இல்லை என்பதால், அந்த லாக் எடுக்கப்படவில்லை என்றே கருதுகிறேன்.

ஐஃபோன் பதிப்பில் சிக்கல் வேறு மாதிரி. ஐஓஎஸ் 14-இலிருந்து உள்ளூர் நெட்வொர்க்கைத் தொடுவதற்குப் பயனரின் அனுமதி வேண்டும். முதல்முறை கேட்கும்போது தவறுதலாக 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால், அதன்பின் எப்போதும் அதே 'சர்வர் எதுவும் கிடைக்கவில்லை' தான். அனுமதி இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பயனர் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்த் தானே சரிசெய்துகொள்வார்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, பதிப்பு 3-இல் இருந்த 'முகவரியை நேரடியாக இடுக' என்ற கட்டத்தை எடுத்துவிட்டதுதான். தேடல் தோற்றாலும் அதில் முகவரியை அடித்துப் பாட்டுக் கேட்க முடிந்தது. அதை ஏன் எடுத்தீர்கள் என்று தெரியவில்லை.

தாங்கள் செய்ய வேண்டியவை இவை. எம்எக்ஸ் மதிப்பை 2 ஆகக் குறைத்து, குறைந்தது 4 விநாடி காத்திருங்கள். யுடிபியில் செய்தி தொலைந்துபோக வாய்ப்பு உண்டு என்பதால் தேடலைச் சற்று இடைவெளி விட்டு மூன்று முறை அனுப்புங்கள். ஒருமுறை கிடைத்த சர்வரின் பதிலில் 'லொகேஷன்' வரியில் வரும் முகவரியைச் சேமித்துவைத்து, அடுத்த முறை திறக்கும்போது அதை முதலில் தட்டிப் பாருங்கள். மல்டிகாஸ்ட் லாக்கைத் தேடும் நேரத்துக்கு மட்டும் எடுத்தால் பேட்டரியும் வீணாகாது. முகவரிக் கட்டத்தைத் திரும்பக் கொடுங்கள்.

வேறு செயலிக்கு மாறிவிடாமல் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ராகம், தானம், பல்லவி தனித்தனிக் கோப்புகளாக இருந்தாலும் தங்கள் செயலி இடையில் ஒரு நொடிகூட அறுபடாமல் வாசிக்கிறது. அந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்தவர்களுக்கு இதைத் திருத்துவது பெரிய காரியமல்ல.

30 நாட்களுக்குள் திருத்தப்பட்ட பதிப்பையோ, அது எப்போது வரும் என்ற எழுத்துப்பூர்வப் பதிலையோ எதிர்பார்க்கிறேன். இரண்டும் இல்லையென்றால் சந்தாவின் மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன். டிசிபிடம்ப் பதிவுக் கோப்பையும், 20 சோதனைகளின் நேரக் குறிப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்