கன்று வேண்டாம் கணேசா, வாய்க்கால் வெட்டு

திருத்துறைப்பூண்டி
ஐப்பசி மாதம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் இரண்டு பக்கம் கையால் எழுதித் தபாலில் போட உனக்குத்தான் பொறுமை இருக்கிறது. கமலாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாடிப்படி மட்டும் ஏற விடாதே.

இங்கே சம்பா பச்சை பிடித்துவிட்டது. கடைமடை என்பதால் தண்ணீர் வருமா வராதா என்ற பழைய கவலையும் கூடவே இருக்கிறது. கஜா புயலுக்கு அப்புறம் வைத்த தென்னைகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. அந்த ராத்திரி விழுந்தவை அப்பா வைத்த மரங்கள். அதனால் அந்தக் கொல்லைப் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. பெரியவன் திருப்பூரிலேயே இருக்கிறான், சம்பளம் உயர்ந்திருக்கிறதாம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஓய்வூதியர் சங்கம் முத்துப்பேட்டைக் கடற்கரையில் பத்தாயிரம் அலையாத்திக் கன்று நட ஆசைப்படுகிறது, நான் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு, கும்பிடுகிறேன். ஆனால் கன்று வேண்டாம் கணேசா. அந்தப் பணத்தில் வாய்க்கால் வெட்டச் சொல், வெட்டிய வாய்க்காலைத் தூர்வாரச் சொல். முப்பது வருஷம் பொதுப்பணித்துறையில் மட்டம் பார்த்தவன் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கேள்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு ஏன் அழிந்தது என்று கேட்டால், ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து 1970கள் வரைக்கும் சர்க்காரே கூப்பு போட்டு, அதாவது வெட்டுவதற்கென்று பகுதி பிரித்து, பட்டை பட்டையாகக் காட்டை மொட்டையடித்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் வற்றி, தரை அமுங்கி, நடுவில் பள்ளமாகிவிட்டது. பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் ஏறும்போது, அந்தப் பள்ளத்தில் ஏறிய கடல்தண்ணீர் திரும்பி வடிய வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வருஷா வருஷம் இதே கதை. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். அந்தப் பள்ளத்து மண்ணில் கோடையில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். உப்பிலேயே வாழும் மரத்துக்கும் அது தாங்காது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் வனத்துறையும் ஊர்மக்களும் அவர்களோடு சேர்ந்து செய்த வேலைதான் இப்போது எல்லோரும் பேசும் மீன்முள் வாய்க்கால். இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும். செங்குத்தாக வெட்டினால் கரை சரிந்து ஒரே மழையில் மூடிப்போகும். வாய்க்காலின் சரிவில், பாதி உயரத்தில் கன்றோ விதையோ வைக்கிறார்கள். ஓதம் ஏறும்போது வேர் நனையும், வடியும்போது மூச்சு விடும். பள்ளத்தில் தேங்கிக் கிடந்த உப்புத் தண்ணீர் ஓதத்தோடு வெளியே போய்விடும். அப்புறம் நீ நடாத விதையெல்லாம் தானாக மிதந்து வந்து முளைக்கும்.

நம் கடலில் ஓதம் ரொம்பச் சின்னது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவில் ஆள் உயரத்துக்கு மேலே ஏறி இறங்கும். பாக் நீரிணையில் ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு அடி. அதனால் நாலு விரற்கடை மேடு பள்ளம் இருந்தாலும் ஓரிடத்தில் மரம் வரும், பக்கத்திலேயே வராது. இடம் பார்த்துச் சொல் என்றாயே, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை அது. மட்டக்கோல் வைத்துத்தான் சொல்ல முடியும்.

போன மாதம் ஜாம்புவானோடையிலிருந்து படகில் கோரையாறு வழியாகக் காயல் வரைக்கும் போயிருந்தேன். பழைய வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் இறங்கினோம். கரையை ஒட்டி மரங்கள் தலைக்கு மேலே நிற்கின்றன, அடியில் ஆணி அடித்த மாதிரி மூச்சுவேர்கள். உளுவை மீன்கள் சேற்றில் துள்ளித் துள்ளி ஓடுகின்றன. ஓர் இலையைப் பறித்து நக்கிப் பார்த்தேன், நல்ல உப்பு. அந்த மரம் உப்பைக் குடித்து இலை வழியாகக் கக்குகிறது. அங்கிருந்து இருபது தப்படி உள்ளே போனால் மரம் இல்லை. உமிரி என்ற உப்புச்செடி மட்டும் சிவந்துபோய்ப் படர்ந்திருக்கிறது, அதையும் தாண்டினால் வெள்ளையாக உப்புப் பூத்த வெறும் தரை. காரணம் அந்த வாய்க்காலின் கிளை ஒன்று தூர்ந்து கிடந்ததுதான். வண்டல் வந்து படிவது இயற்கை, சில வருஷத்துக்கு ஒருமுறை வாரித்தான் ஆக வேண்டும். வெட்டுவதற்குப் பணம் கிடைக்கும், திறப்பு விழா நடக்கும். வாருவதற்கு யார் வருகிறார்கள்?

முத்துப்பேட்டைக்காரர்களுக்கு வாய்க்கால் ஒன்றும் புதிதில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கவே சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டி வைத்திருப்பவர்கள். அந்த மீன்வாய்க்கால்களின் கரையோரம் காடு செழிப்பாக இருப்பதை அவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள்.

கன்று நட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார். 2004 சுனாமிக்கு அப்புறம் அங்கே ஏராளமான பணம் கொட்டி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017-ல் எழுதினார்கள். ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தத்தில் தேறியது இருநூறு ஹெக்டேர் சொச்சம். தப்பான மட்டத்தில் நட்டது, அந்த இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, நட்ட பிறகு திரும்பிப் பார்க்காதது, மாடு தின்றது என்று காரணங்கள். அலையாத்தியில் ஓர் இனமான சுரபுன்னையின் விதை முருங்கைக்காய் போல நீளமாக இருக்கும், சேற்றில் குத்தினால் நிற்கும், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். அதனால் எங்கே பார்த்தாலும் அதைத்தான் குத்துகிறார்கள். முத்துப்பேட்டைக் காட்டில் பத்தில் ஒன்பது மரத்துக்கு மேல் வெண்கண்டல் என்ற வேறு இனம். அங்கே போய் சுரபுன்னையை வரிசையாகக் குத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இனி நீ கேட்ட இன்னொரு கேள்வி: இந்தக் காடு புயலில் கடல் உள்ளே வருவதை நிஜமாகவே தடுக்குமா? தடுக்கும் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அலை வேறு, கடல் எழும்புவது வேறு. நூறு மீட்டர் அகலத்துக்குக் காடு இருந்தால், காற்று கிளப்பும் அலையின் உயரம் 13 முதல் 66 சதவீதம் வரை குறையும் என்று உலகம் முழுக்க நடந்த அளவீடுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் புயல் தள்ளிக்கொண்டு வரும் வெள்ளத்தின் மட்டம் குறைய வேண்டுமானால் காடு கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் குறையும். ஊருக்கு முன்னால் இரண்டு வரிசை மரம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நம் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது வேறு. ஆழமில்லாத கடலில் காற்று தள்ளும் தண்ணீருக்குக் கீழே திரும்பிப் போக இடமில்லை, அதனால் கரையில் ஏறுகிறது. புயல் நகரும் திசைக்கு வலக்கைப் பக்கம் இருக்கும் ஊருக்குத்தான் அடி அதிகம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் கடற்சேறு கருகருவென்று வீட்டுக்குள் வந்து படிந்ததை நீயே வந்து பார்த்தாய். முத்துப்பேட்டைப் பக்கம், காடுதான் எங்களைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்கள் உண்டு. காட்டுக்கும் பங்கு இருக்கும். புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருந்ததும் ஒரு காரணம் என்பேன். அந்தக் காடே சும்மா தப்பவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முறிந்து, நிறைய மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துபோனது. 2004-ல் பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் தப்பியதைப் பற்றியும் இதே சண்டை நடந்தது. காடு தடுத்தது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமும்தான் காரணம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது ஒடிசா கணக்கு. 1999 சூப்பர் புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில் இறந்தவர்களை ஊர் ஊராக எடுத்து, சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் காடு அகலமாக இருந்த இடங்களில் சாவு குறைவு. தூரம், உயரம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். அதே கட்டுரையில், முன்னெச்சரிக்கை கொடுத்து ஆட்களை வெளியேற்றியது காட்டைவிட அதிக உயிரைக் காப்பாற்றியது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. காடும் வேண்டும், ஆட்கள் ஒதுங்கப் புயல் கூடமும் வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிடக் கூடாது.

உன் வேளச்சேரி வீட்டு நிலவறையில் 2023 டிசம்பரில் தண்ணீர் நின்றதே, அதுவும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். பள்ளிக்கரணை சதுப்பு சேர்த்து வைக்கும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம்தான் கடலுக்குப் போக வேண்டும். புயலில் கடல் எழும்பி நின்றால் வெள்ளம் எங்கே வடியும்? சதுப்பில்தான் நிற்க வேண்டும். அந்தச் சதுப்பில் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆறுகளும் அப்படித்தான்: கடல் உயர்ந்து நிற்கும் மூன்று நாள் வயல் வடியாது, பயிர் அழுகும்.

இன்னொன்று என் மனசை அரிக்கிறது. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. வண்டலில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. மிச்சம் வருகிற நன்னீரும் பாமணியாறு, கோரையாறு வழியாகக் காயலுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அடைமழை மாதங்களில்தான். வண்டல் வராத டெல்டா மெல்ல அமுங்கும், கடலோ உயர்ந்துகொண்டே வருகிறது. ஆற்றுத்தண்ணீர் கடலில் வீணாகப் போகிறது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. பணியில் இருந்தபோது அதே வாக்கியத்தை நானும் கோப்பில் எழுதியவன்தான், அப்போது அப்படித்தான் எழுதச் சொல்வார்கள்.

ஆக, உங்கள் சங்கத்தில் இதைச் சொல். வனத்துறையோடும் ஊர்ச் சபையோடும் பேசி, தூர்ந்து கிடக்கும் வாய்க்கால் எது என்று முதலில் பார்ப்போம். தூர்வார உள்ளூர் ஆட்களுக்கே கூலி கொடுங்கள். பணத்தை மூன்று பங்காகப் பிரித்து, முதல் வருஷம் ஒன்று, அப்புறம் இரண்டிரண்டு வருஷம் இடைவெளி விட்டு மற்ற இரண்டு பங்கு. ஆடு மாட்டுக்கு வெண்கண்டல் இலை என்றால் உயிர், அதனால் காவலுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். கல்வெட்டு வைக்க இடம் இருக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. தலைவர் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்.

தை பிறந்ததும் நீ வா. கமலா படகில் ஏறி இறங்க முடியாது, அவளை இங்கே வீட்டில் விட்டுவிட்டுப் பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு போவோம். காயலுக்குள் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், உங்கள் இருவரின் ஆதார் நகலையும் முன்கூட்டியே அனுப்பு. கொடுவா மீன் அகப்பட்டால் குழம்பு வைக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நண்டு.

அன்புடன்,
வேலாயுதம்