செய்தியில் விடுபட்டவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நான் ஒரு வருடம் நாள் தவறாமல் ஓடி முடித்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. வீட்டில் வெட்டி எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அதில் "தனது மன உறுதியால்" என்று ஒரு சொல் வந்திருந்தது. அதை வாசித்த என் மாமி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் காலை ஐந்து மணி சொந்தமில்லை. பிட்டு அவிக்க வேண்டும், சம்பல் இடிக்க வேண்டும், பிள்ளைகளை எழுப்பிச் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்ததும் இந்த வேலைகள் எங்கும் ஓடிப் போய்விடவில்லை. பாதியை மாமி எடுத்துக்கொண்டார், மீதியை என் கணவர். அவர் அவித்த முதல் மாதப் பிட்டைப் பற்றி எழுதாமல் விடுவது குடும்பத்துக்கு நல்லது. மாமிக்கு எழுபது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் இருக்கிறது. "நீ ஓடு, நான் நிக்கிறன்" என்று அவர் சொன்னது ஒரு தடவைதான். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் எழும்பும்போது குசினியில் லைட் எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். மன உறுதி என்று யாருக்காவது எழுதுவதென்றால் அவருக்கு எழுதுங்கள்.

பின்னேரம் ஓடியிருக்கலாமே என்று கேட்பவர்கள் வைகாசி, ஆனியில் திருகோணமலையில் இருந்திருக்க மாட்டார்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகலில் 34, 35 பாகை வெயில். தார் வீதி பொழுதுபட்ட பிறகும் சூடு கக்கும். எங்களுடையது கிழக்குக் கரை என்பதால் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடலுக்கு மேலே வந்து முகத்தில் அடிக்கும். அதற்குள் உவர்மலையிலிருந்து இறங்கி, உட்துறைமுக வீதியைப் பிடித்து, நகரத்தைச் சுற்றிக் கோட்டை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட வேண்டும். கோட்டை வாசலில் மான்கள் நிற்கும். அவை நம்மைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாய்கள் அப்படியல்ல. தொடங்கிய புதிதில் என் வேகத்தைத் தீர்மானித்தவை அவைதான். பஸ் நிலையத்தடியில் இரவு ஹயருக்கு நிற்கும் ஆட்டோத் தம்பிமார் இதைப் பார்த்துவிட்டு, முறை வைத்துக்கொண்டு, இருட்டான துண்டு முடியும்வரை மெதுவாகப் பின்னால் வந்தார்கள். காசு கொடுக்கப் போனேன். "ஓடுற ஆளிட்ட ஹயர் வாங்கினா ஆட்டோவுக்கு அவமானம் அக்கா" என்று சிரித்தார்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியது மெக்கெய்சர் மைதானத்தில் காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரைப் பற்றி. முதல் கிழமையிலேயே என்னை மறித்தவர் அவர். "கதைச்சுக்கொண்டு ஓட ஏலாட்டி வேகத்தைக் குறை பிள்ளை. தினம் ஓடப் போறன் எண்டு சொல்லுறாய், தினமும் ஓட்டப் போட்டி இல்லை" என்றார். ஒவ்வொரு நாளும் ஓடுவதை வழக்கமாக வைத்திருப்பவர்கள் உலகத்தில் பலர் இருக்கிறார்கள் என்பதையும், ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீற்றர் ஓடினால் போதும் என்பதே அவர்களின் கணக்கு என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். இங்கிலாந்தின் மரதன் வீரர் ரொன் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, 52 வருடங்களுக்கு மேல், ஒரு நாளும் விடாமல் ஓடியவராம். 1970இல் பொஸ்ரன் மரதனை வென்றவரும் அவரே. என் ஒரு வருடத்துக்கு யாராவது கை தட்டினால் மாஸ்ரர் உடனே இந்த 52ஐ எடுத்து நடுவில் வைப்பார். ஆனால் அதே ஹில் 78 வயதில், ஓடும்போது நெஞ்சில் வலி வந்ததும் நிறுத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்வார். காய்ச்சலுக்குப் பிறகும் மழை நாட்களிலும் ஒரு மைலோடு என்னைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். கைதட்டியவர்கள் நிறையப் பேர். "இண்டைக்குப் போதும், வீட்டை போ" என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது இல்லாமல் இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது.

எங்கள் குடும்ப டொக்டரும் அந்த ரகம். நாற்பது தாண்டியவள் என்று சொல்லி, தொடங்குவதற்கு முன்பே ஈசிஜி எடுக்கவும் இரத்தச் சோதனை செய்யவும் வைத்தார். செய்தியைப் பார்த்துத் தாங்களும் தினமும் ஓடப் போவதாக என்னிடம் சொன்னவர்களுக்கும் அவர் சொன்னதையே சொல்கிறேன்: உலக சுகாதார அமைப்பு வளர்ந்தவர்களுக்குக் கேட்பது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சிதான். விறுவிறுவென்று நடந்தாலே அது சரி வந்துவிடும். நான் எடுத்தது ஒரு பிடிவாதம். அதை மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மழைக்காலம் தனிக் கதை. வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும் ஊர் இது. அந்த மாதங்களில் சப்பாத்து காயவே காயாது. சந்தைக்குப் பக்கத்தில் குடையும் செருப்பும் தைக்கும் ஐயா, கழன்ற அடியை ஒட்டியும் தைத்தும் அந்த ஒரு சோடியைத் தைப்பொங்கல் வரைக்கும் இழுத்துக் கொடுத்தார். கடைசியில் "பிள்ளை, இதுக்கு மேல நான் தைச்சா அது என்ர சப்பாத்து" என்றார். புதுசு வாங்கினேன்.

ஒரு கலியாண வீட்டுக்காகக் கிண்ணியாவில் தங்கியபோது, கூட வேலை செய்யும் தோழி தன் இரண்டு மகள்மாரோடு பாலத்துக்கு வந்து என்னோடு ஓடினாள். 2009இல் திறந்த பாலம் அது, 396 மீற்றர். அதற்கு முன் அந்த இடத்தைக் கடக்கப் படகுப் பாதைக்காகக் காத்து நின்றதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியற்காலையில் வீதியில் ஓடினால் எந்தச் சென்ரியில், அதாவது காவலரணில், என்ன கேள்வி வரும் என்று யோசித்த காலமும் தெரியாது. டொக்யாட் வீதிப் பக்கம் காவலில் நிற்கும் கடற்படைப் பையன் ஒருவர் இப்போது "வணக்கம் அக்கா" என்கிறார். அவருக்கும் நன்றி. மற்றதெல்லாம் எழுதப் போனால் வேறு கடிதம் ஆகிவிடும்.

அப்புறம், வாய் விட்டவர்களையும் விடக் கூடாது. "இந்த வயசில இதெல்லாம் தேவையா", "குமர்ப்பிள்ளை வீட்டில இருக்க தாய் ரோட்டில ஓடுது" என்று பத்திரகாளி அம்மன் கோவிலடியில் எனக்குக் கேட்கும்படியே சொன்ன அக்காமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பிற்காலத்தில், நான் பிந்திப் போகும் நாட்களில் "ஏன் இண்டைக்குச் சுணங்கிப் போச்சு" என்று கேட்கத் தொடங்கினார். அவருக்கு மனதார நன்றி. மற்றவர்கள் இன்னும் அப்படியே சொல்கிறார்கள், சொல்லட்டும். அந்தக் குமர்ப்பிள்ளை ஆவணியிலிருந்து சனி, ஞாயிறுகளில் என்னோடு வருகிறாள். என்னைவிட வேகம்.

இப்போது கிழமைக்கு நான்கு நாள் ஓடுகிறேன். மற்ற மூன்று நாளும் குசினி என் பொறுப்பு. மாமி விடியப் பூசைக்குக் கோணேசர் கோவிலுக்குப் போய்வருகிறார். ஆட்டோ அதே தம்பிமாருடையதுதான், அவரிடம் மட்டும் காசு வாங்குகிறார்கள்.

இடம் இருந்தால் அந்தச் செய்தி வந்த பக்கத்திலேயே இதையும் போட்டுவிடுங்கள். மாமி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார்.

இப்படிக்கு,
ஓர் வாசகி,
உவர்மலை, திருகோணமலை.