அப்பாவின் நெல்லைக் காத்த அக்காவுக்கும் ஊராருக்கும்

அப்பாவின் காரியம் முடிந்து நான்கு நாள்கள் ஆகின்றன. வந்த உறவெல்லாம் கிளம்பிவிட்டது. அம்மா இன்றைக்கும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். யாருக்குக் காபி போடுவது என்று தெரியாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். மனம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுது என்றான் அண்ணன். ஆறும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லத் தெம்பில்லை.

அந்த இரவில் வண்டி எடுத்து வந்தவருக்கும், தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அப்பாவின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பெரியம்மாவுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கேட்காமலேயே அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும், எங்களோடு அழுத ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஆனால் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும். அரசு கொள்முதல் நிலையத்தில் சிதறிய நெல்லைக் கூட்டிப் பெருக்கும் அக்காவைப் பற்றி.

எங்கள் நெல் அங்கே கிடப்பதே எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் நிலத்தின் சம்பா முழுவதும் அங்கேதான் இருந்தது. பொன்மணி ரகம், ஐந்து மாதத்துக்கும் மேலான பயிர். தை மாதப் பனி எப்படிக் கொட்டும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடை போட மாட்டார்கள். அதனால்தான் அப்பா ஒவ்வோர் ஆண்டும் நெல் எடை ஏறும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கிடப்பார். இந்த முறை பாதியில் எழுந்து வர வேண்டியதாகிவிட்டது.

ஆறாம் நாள் காலையில்தான் அண்ணனுக்குத் திடீரென்று உறைத்தது. நெல் முளைத்தே போயிருக்கும் என்று பதறிக்கொண்டு ஓடினான். அங்கே எங்கள் நெல் களம் முழுக்க விரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா காலால் வரிவரியாகத் துழாவிக்கொண்டிருந்தார். தன் வேலைக்கு நடுவில், பனி விலகியதும் தார்ப்பாயை நீக்கி நெல்லைப் பரப்புவதும், வெயில் சாய்ந்ததும் பலகையால் தள்ளிக் குவித்து மூடுவதுமாக, அத்தனை நாளும் தானாகவே செய்திருக்கிறார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறார். அப்பா குவியலின் மேல் சாம்பலால் குறி போடுவார். நான்கு சரிவிலும் குறுக்குக் கோடு, உச்சியில் ஒரு வட்டம். யாராவது கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாம்பலைப் பழைய பால்பவுடர் டப்பா ஒன்றில் வைத்திருப்பார். அந்த டப்பாவைத் தேடி எடுத்து, அக்கா ஒவ்வொரு மாலையும் அதே குறியைப் போட்டிருக்கிறார். அன்று மாலை அண்ணன் அருகில் நின்று பார்த்தான். அக்காவின் வட்டம் அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான் என்றான். சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

எட்டாம் நாள் எடை போட்டார்கள். நாற்பது கிலோ மூட்டையாக 162 மூட்டை. பணம் கொடுக்கப் போனபோது அக்கா வாங்கவில்லை. "ஈர நெல்லைப் போட்டுவிட்டுப் போகிற ஆளா அண்ணன்? ஏதோ அவசரம், வந்துவிடுவார் என்றுதான் முதல் நாள் பரப்பினேன். மறுநாள் சேதி தெரிந்தது. அதற்குப் பிறகு எப்படி விடுவது?" என்றாராம். அண்ணன் என்று அவர் சொன்னது அப்பாவைத்தான்.

அப்பாவைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொன்னீர்கள். எனக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். அப்பா தினமும் மேட்டூர் நீர்மட்டத்தை நாள்காட்டித் தாளில் பென்சிலால் குறித்துவைப்பார். 120 அடியைத் தொட்ட நாளில் மட்டும் எண்ணைச் சுற்றி ஒரு கோடு. நேற்று அவருடைய தகரப்பெட்டியில் அந்தத் தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தேன். 2012 முதல் எட்டு ஆண்டுகள், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்கவே இல்லை. நான் கல்லூரியில் படித்ததெல்லாம் அந்த ஆண்டுகளில்தான். அப்போது அப்பா அடுத்த ஊர்ச் செங்கல் சூளைக்குப் போய் மண் சுமந்திருக்கிறார். "வெளியூரில் ஒரு வேலை" என்று மட்டுமே என்னிடம் சொல்வார். சூளை என்று அம்மா சொல்லி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாதம் தவறாமல் வந்த பணத்தை எண்ணி வாங்கிய எனக்கு, அந்தக் கைகளை ஒருமுறை பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

2018 நவம்பர் 16 விடிந்தபோது கஜா புயலில் எங்கள் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மா வாசலில் விழுந்து அழுதார். அப்பா அழவில்லை, விழுந்த மரங்களை அகற்றியதும் அடுத்த மாதமே கன்று வாங்கிவந்து குழி வெட்டினார். அவை இப்போதுதான் பாளை விட்டிருக்கின்றன. முதல் காயை அவர் கையால் பறிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று சிலர் அக்கறையோடுதான் சொன்னீர்கள். விடப்போவதில்லை. அண்ணன் உழவைப் பார்த்துக்கொள்வான். நாற்று விடும்போதும் நடவின்போதும் நான் சென்னையிலிருந்து விடுப்பு எடுத்து வருவேன். எனக்கு ஒன்றும் தெரியாது, வரப்பில் நடந்தாலே வழுக்கும். நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். நீர்மட்டம் எழுதும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். நேற்று மாலை செய்தி கேட்டு அவரே பென்சிலால் குறித்தார்.

அக்கா, அந்தச் சாம்பல் டப்பாவை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினீர்கள். நாளை அதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறேன். உங்களிடமே இருக்கட்டும். அடுத்த தையில் குவியலுக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். குறி போட மட்டும் நீங்கள் வர வேண்டும்.