‘புதிய தெர்மோஸ்டாட் ஹவுசிங்’ என்று பில் போட்டுப் பழையதையே பூசித் தந்தது தொடர்பான புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
காக்கி புக்கிட் கிளை.

ஐயா,

என் 1965 மோரிஸ் மைனர் 1000 காரைக் கடந்த மாதம் உங்கள் பட்டறையில் விட்டேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மூடி, அந்த ஹோஸ் மாட்டும் கழுத்தாகவும் இருக்கும் அலுமினிய தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை அரிப்பு தின்றுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் உங்கள் மெக்கானிக். சரி என்றேன். ‘புதிய ஹவுசிங், புதிய கேஸ்கெட், ஃப்ளஷ், கூலண்ட்’ என்று எழுதியிருந்த பில்லுக்கு 640 சிங்கப்பூர் வெள்ளி கட்டினேன். பழைய பாகத்தைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார்கள்.

அது குப்பைக்குப் போகவில்லை. என் காரில்தான் இருந்தது.

சென்ற வாரம் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் பானெட் ஓரமாக ஆவி கிளம்பியது. காரை இழுவை வண்டியில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஹோஸைக் கழற்றியதும் ஹவுசிங்கின் கழுத்தில் எபோக்சிப் பூச்சு பெயர்ந்து தொங்கியது. அதன் அடியில் வெள்ளைப் பொடியும், நகம் இறங்கும் அளவு குழிகளும் இருந்தன. வெளியே மட்டும் பளபளவென்று வெள்ளி நிற பெயின்ட். ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்டட்களும் (மரை வெட்டிய இரும்புத் தண்டுகள்) பழைய துரு கலையாமல் அப்படியே நின்றன. அவற்றைத் தொடாமல் ஹவுசிங்கை எப்படி மாற்றினீர்கள்? படங்களை இணைத்துள்ளேன்.

ஹவுசிங்கைக் கழற்றும் வேலை எளிதல்ல என்று எனக்குத் தெரியும். இரும்பு ஸ்டட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் கரையும். அப்படி உண்டாகும் வெள்ளைப் பொடி, ஸ்டட் நுழையும் துளையை அடைத்து ஹவுசிங்கை இறுக்கிவிடும். வலிந்து இழுத்தால் ஸ்டட் ஒடியும், அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் துளையிட்டுப் புது மரை வெட்ட வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் கூடுதல் நாளும் பணமும் தந்திருப்பேன். இந்தக் காருக்கான பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கிடைக்காத பொருளும் இல்லை.

கூலண்ட் விஷயம் இன்னும் மோசம். ரேடியேட்டரில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர். போனில் கேட்டபோது உங்கள் மேற்பார்வையாளர், “சிங்கப்பூர்ல பனியா கொட்டுது? தண்ணி போதும்” என்றார். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும் அதே கூலண்ட்தான். செம்பு பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்று, இரும்பு ஹெட், அலுமினிய ஹவுசிங் என இத்தனை உலோகமும் ஒரே தண்ணீரில் நனைகிற எஞ்சின் இது. அதிலும் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் உள்ள கார், ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மீதி நாளெல்லாம் தண்ணீர் அசையாமல் உள்ளேயே தேங்கி நிற்கும். தினமும் ஓடும் காரைவிட இதற்குத்தான் அரிப்புத் தடுப்பு அதிகம் தேவை. பழைய கார்களையும் பார்ப்போம் என்று பலகை வைத்திருக்கும் பட்டறைக்கு இதை நான் எழுதவேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். 640 வெள்ளியையும் இழுவை வண்டிக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் புதிய ஹவுசிங்கும் புதிய ஸ்டட்களும் பொருத்தி, சிஸ்டத்தைக் கழுவி, சிலிகேட் உள்ள எத்திலீன் கிளைக்கால் கூலண்டைக் காய்ச்சிவடித்த நீரில் கலந்து நிரப்புங்கள். சூடேறியதில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறதா என்பதையும் என் முன்னிலையில் சோதிக்க வேண்டும். கழற்றும் பாகம் எதுவானாலும் என் கைக்கு வர வேண்டும்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்வேன். அதன் பிறகும் தீராவிட்டால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலுக்குப் போவேன். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் பில்லும் என் படங்களும் போதும்.

பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
மோரிஸ் மைனர் உரிமையாளர்
(கார் எண் உங்கள் பில்லில் உள்ளது)