ஈலியிலிருந்து டர்ஹம் வரை: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு முழுவதும் பார்த்தேன். இங்கிலாந்தின் பேராலய நகரங்களான ஈலியில் தொடங்கி பீட்டர்பரோ, லிங்கன், யார்க் வழியாக டர்ஹம் வரை நான்கே நாட்களில் சைக்கிளில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் கால்களின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இப்படிப் போனால் ஐந்து பேராலயங்களின் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்துவிட்டு வருவாய்.

ஆகவே நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை மணிக்குள் போய் இறங்க வேண்டும் என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்கு. இங்கிலாந்தின் பேராலயங்களில் வார நாட்களில் பெரும்பாலும் மாலை ஐந்தரை மணியையொட்டி ஈவன்சாங் என்னும் பாட்டு வழிபாடு நடக்கும்; அதற்குக் கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் போய் அமரலாம். அந்தக் கல்மண்டபங்கள் எதற்காக அவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டன என்பது பாட்டு மேலே எழும்பும்போதுதான் புரியும் என்பது என் எண்ணம். நான்கு மணிக்குள் ஊரை அடைந்து, பைகளைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு, வெறும் சைக்கிளோடு போ. மூட்டை கட்டிய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனால் மனம் முழுவதும் வாசலிலேயே இருக்கும்.

மாதத்தையும் மாற்றிக்கொள். ஆகஸ்டில் பேராலயத்தின் சொந்தப் பாடகர் குழு விடுமுறையில் இருக்கும். வெளியூர்க் குழுக்கள்தான் வந்து பாடும். ஜூன் நடுப்பகுதியில் யார்க்கில் இரவு ஒன்பதரைக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால், மாலை வழிபாடு முடிந்த பின்பும் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இரு: டர்ஹம் பல்கலைக்கழகத்தின் கோடைகாலப் பட்டமளிப்பு விழாக்கள் பேராலயத்துக்குள்ளேயே நடைபெறுகின்றன. அந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்ட பிறகே அறை பதிவு செய்.

தெற்கிலிருந்து வடக்கே போவதென்ற உன் முடிவு சரியானது. அந்த நாட்டில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றே வீசும். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஈலியிலிருந்து பீட்டர்பரோவுக்கு மேற்கு நோக்கிப் போகும் முதல் நாளில் மட்டும் காற்று எதிரே நிற்கும். தூரம் குறைவு, மேடே கிடையாது என்று அந்த நாளை நீ அரை நாளாக எண்ணியிருக்கிறாய். வடிகால் வெட்டி விளைநிலமாக்கிய பழைய சதுப்பு நிலம் அது. காற்றைத் தடுக்க மரமோ மேடோ அதிகம் இல்லை. நீர் வடிந்ததால், மக்கிய தாவரங்களால் ஆன அந்தக் கரி மண் சுருங்கிக்கொண்டே போகிறது, அதனால் சிறு சாலைகள் அலையலையாக வளைந்து கிடக்கும். பீட்டர்பரோவுக்குத் தெற்கே ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1850-களின் தொடக்கத்தில் தரைமட்டத்துக்குச் சமமாகப் புதைத்த ஓர் இரும்புத் தூணின் உச்சி, இன்று தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சற்றுச் சுற்றுவழிதான் என்றாலும் போய்ப் பார். மெல்லிய பந்தய டயர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு 35 மில்லிமீட்டர் டயர்களைப் போட்டுக்கொள்.

ஈலியில் புறப்படும் முன் எண்கோணக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க ஒரு முழு மாலையை ஒதுக்கு. 1322-இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தபோது, துறவியான ஆலன் ஆஃப் வால்சிங்கமின் பொறுப்பில் அந்த இடைவெளியை எட்டுத் தூண்களால் அகலப்படுத்தி, மேலே ஓக் மரத்தால், சன்னல்கள் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கும் ஒரு கூண்டு எழுப்பினார்கள். கல்லைப் போலவே வேலைப்பாடு செய்திருப்பதால், எங்கே கல் முடிந்து மரம் தொடங்குகிறது என்பது கீழிருந்து பார்த்தால் எளிதில் பிடிபடாது. ஈலிக்கும் பீட்டர்பரோவுக்கும் பார்னக் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுவந்தார்கள். யார்க்குக்கு டாட்கஸ்டர் பக்கத்து வெளிர்கல், டர்ஹமுக்கு உள்ளூர் மணற்கல். மெதுவாக வடக்கே போகிறவனுக்குச் சுவரின் நிறம் மாறுவது தெரியும். ரயிலில் போகிறவனுக்கு அது தெரிவதில்லை.

பீட்டர்பரோவில், மன்னன் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியான அரகானின் கேத்தரின் கல்லறை இருக்கிறது. ஒரு மாலை போதும். அங்கிருந்து லிங்கனுக்கு ஏ15 நெடுஞ்சாலை நேர்வழிதான், ஆனால் லாரிகளோடு போட்டி போடுவதற்கு நீ புறப்படவில்லை. கிராமச் சாலைகளைப் பிடி. லிங்கனில் பேராலயம் குன்றின் மேல் இருக்கிறது, அதற்கு ஏறும் தெருவின் பெயரே ஸ்டீப் ஹில். கல் பாவிய அந்தச் செங்குத்தில் சுமையோடு மிதிக்க முயலாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. மறுநாள் அங்கேயே தங்கு.

லிங்கனிலிருந்து யார்க் 100 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் வழியிலுள்ள செல்பி என்ற ஊரில் ஓர் இரவு நிறுத்து. அதன் பிறகு யார்க் வரையுள்ள பெரும்பகுதி, நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1983-இல் ரயில் வேறு தடத்துக்கு மாற்றப்பட்டபோது கைவிடப்பட்டு, இப்போது சைக்கிள் பாதையாக இருக்கும் பழைய ரயில் பாதை. அதன் ஓரமாகச் சூரியக் குடும்பத்தின் மாதிரியைத் தூர விகிதப்படி நிறுத்தியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வருகிற உனக்கு முதலில் புளூட்டோ, கடைசியில் சூரியன்.

யார்க்கிலிருந்து நேராக டர்ஹமுக்குப் போகாமல் ரிப்பனில் ஓர் இரவு தங்கிப் போ. வில்ஃபிரிட் என்ற ஆயர் 672-இல் கட்டிய நிலவறை அங்கே மேலேயுள்ள பேராலயத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். அதைப் பார்த்த பிறகு, 1093-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளில் எழுந்த டர்ஹமின், விலா எலும்புகள் போன்ற கல்வளைவுகள் தாங்கும் கூரை இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆக, லிங்கனில் தங்கும் நாளையும் சேர்த்து ஏழு நாட்கள். அத்தனை நாள் விடுப்பு கிடைக்காவிட்டால், நாட்களைச் சுருக்காதே, யார்க்கோடு நிறுத்திக்கொள். டர்ஹமுக்கு வேறொரு முறை போகலாம். திரும்பும் விரைவு ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகவும் குறைவு, முன்பதிவும் கட்டாயம். ஆகவே உன் விடுப்புத் தேதிகள் உறுதியானதும் முதலில் அந்த இடத்தைப் பதிவு செய்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா