சின்னவனுக்கு நீ அனுப்பிய வொய்ஸ்

முத்தையன்கட்டு,
தை 2026

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ பழையபடிதான். கனடாவில் உன் சுகத்துக்கு வற்றாப்பளை அம்மாள் துணை.

பொங்கலன்று உன் போன் வரவில்லை. லைன் கிடைத்திருக்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கார்த்திகைக் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இங்கே சிக்னலை நம்பேலாது என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதே சிக்னலில் அன்று பின்னேரம் அக்காவின் சின்னவனுக்கு உன் வொய்ஸ் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. மாமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு சத்தமாக விட்டுக் கேட்டான். "அம்மப்பா, மாமா போன வருசம் விளையாடினதில எது எது திறம் எண்டு சொல்லுறார்" என்றான்.

நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். களவாகக் கேட்கவில்லை, அவன்தான் கூப்பிட்டான்.

தம்பி, நீ அப்படிக் கதைத்து எவ்வளவு காலம்! எங்களுக்கு "ஓம் அப்பா", "சாப்பிட்டனான்", "சரி வைக்கிறன்". மருமகனுக்கு அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. எட்டாம் வகுப்பில் தமிழ்த்தினப் போட்டிக்கு ஏறி நின்று வலயத்தில் முதலாவதாக வந்தாயே, அந்தக் குரல் அப்படியே இருந்தது. ஒரு கொம்பியூட்டர் கேமை எடுத்து அதன் கதை என்ன, செய்தவன் ஆர், எங்கே சறுக்கியிருக்கிறது என்று நீ பிரித்து வைத்த விதத்தைப் பார்த்தால், உன்னை வாத்தியாராக்கியிருக்கலாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பொங்கல் தின்றோம்.

போனில் கேட்கலாம்தான். நீ ஓம் என்பாய், நான் சரி என்பேன், முடிந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். இதைச் சின்னவன்தான் படம் பிடித்து அனுப்பப் போகிறான், அனுப்ப முதல் வாசிக்காமலும் விடமாட்டான். அதனால் அவன் வாசிக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். மிச்சத்தை நீ விளங்கிக்கொள்.

முதலில் அந்த ஹென்றியின் கேம். கிங்டம் கம் டெலிவரன்ஸ், இரண்டாம் பாகம். பிராக் நகரத்துக் கொம்பனி செய்தது, 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கிற கதை, கொல்லன் மகன் வாளெடுத்துப் போகிறான் என்றாய். அவன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி, எந்தப் பக்கம் சூடு இறங்குது என்று பார்த்துப் பார்த்து அடிப்பதை நீயே அடிப்பதுபோலச் சொன்னாய். சின்னவன் யூரியூப்பில் எடுத்துக் காட்டினான். இரும்பு சிவந்து, பிறகு மங்கி, திரும்ப உலையில் வைத்து... கைதேர்ந்த ஆளிடம் கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் சந்தியில் மண்வெட்டிக்கு வாய் வைக்கிற கிழவர் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். நினைத்த நேரத்தில் ஆட்டத்தைச் சேமிக்கக் குடிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிலில் படுத்தாலும் சேமிக்கும் என்றாயே, அந்த வழியையே பழகு.

அந்த ஹென்றி குளிக்காவிட்டால் சனம் முகத்தைச் சுளிக்குமாம். சாப்பிடாவிட்டால் களைத்துப் போவானாம். நித்திரை கொள்ளாவிட்டால் கண் இருட்டுமாம். எல்லாம் வேளைக்கு வேளை பார்த்துச் செய்வித்தேன் என்றாய். நல்லது. அவனுக்குச் செய்வித்தவர் தானும் செய்தாரா என்று அம்மா கேட்கிறாள்.

அந்த ஒரு கேமுக்கே நூறு மணித்தியாலத்துக்கு மேல் போனது என்றாய். அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் சின்னக் குழு ஒன்று செய்த பூச்சிக் கேம், சில்க்சாங், அதற்கு எழுபது. 2019இல் அறிவித்து 2025 புரட்டாதியில்தான் வெளிவிட்டார்களாம், வெளிவந்த அன்று வாங்குகிற கூட்டத்தில் கடைகளின் இணையத்தளங்களே விழுந்துபோயினவாம். அத்தனை வருசம் ஏன் என்று கேட்டால், செய்யச் செய்ய நன்றாக இருந்தது, செய்துகொண்டே இருந்தோம் என்றார்களாம். அப்படிப்பட்ட ஆட்களை எனக்குப் பிடிக்கும். செத்தால் கையில் சேர்த்த காசெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும், திரும்பிப் போய் எடுக்க வேண்டும், போகிற வழியில் இன்னொரு தரம் செத்தால் அதுவும் போச்சு என்று நீ சொன்னபோது சின்னவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இவை இரண்டையும் கார்த்திகைக்குப் பிறகுதான் தொடங்கி முடித்தேன் என்று சொன்னாய், கவனமில்லாமல். கூட்டுறவுச் சங்கத்தில் காலம் முழுக்கப் பேரேடு எழுதின கை இது. இருந்த இடத்திலேயே கூட்டிவிட்டது. ஒரு ஆள் வேலைக்குப் போய், வந்து, சமைத்து, படுத்து எழும்பி, மிச்ச நேரத்தில் விளையாடினால் அந்தத் தொகை லேசில் வராது. பனிக்கு லீவு விட்டார்கள் என்று வைத்தாலும் இடிக்கிறது. சரி, அதை விடு.

இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். இங்கே ஒரு செலவும் இல்லை.

வயல் சங்கதியும் சொல்ல வேண்டும். புயல் வெள்ளத்தில் கீழ்த்துண்டு முழுக்கத் தண்ணிக்குள் கிடந்தது. மேல்துண்டு தப்பியது, அதையும் இரவில் யானை வந்து கொஞ்சம் உழக்கிவிட்டது. அக்கா சுகம். சின்னவனுக்கு ஓ.எல். சோதனை வருகிறது, போனோடுதான் படிக்கிறான்.

பிறகு அந்த வீட்டுக் கேம், புளூ பிரின்ஸ். நாற்பத்தைந்து அறை உள்ள வீட்டில் நாற்பத்தாறாவது அறையைத் தேடுகிறது. கதவைத் திறக்கும்போது மூன்று அறை காட்டுவானாம், நீ ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமாம். விடிந்தால் எல்லாம் கலைந்து, திரும்ப வெறும் வளவிலிருந்து கட்ட வேண்டுமாம். கொப்பியில் படம் கீறிக் கீறி விளையாடினேன் என்றாய். நல்ல வேலை, மூளைக்கு நல்லது. சண்டை முடிந்த பிறகு இந்தியா தந்த எங்கள் ஐந்தரை இலட்சத்து வீட்டில் ஒளிந்த அறை கிடையாது. ஆனால் திரும்பத் திரும்ப வெறும் வளவிலிருந்து வீடு கட்டுகிற வித்தையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சின்னவன் உன்னிடம் கேட்டான், அந்தச் சண்டைக் கேம் பற்றில்ஃபீல்ட் விளையாடவில்லையா, அதுதானே இப்ப எல்லாரும் விளையாடுவது என்று. "எனக்குச் சரிவராதடா" என்றுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாய். நல்லது. அந்தச் சத்தம் உனக்குப் பதினொரு வயதிலேயே போதும். அவனுக்கு அது விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

இனி ஸ்பிளிட் ஃபிக்சன். ஸ்வீடன்காரர் செய்தது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் விளையாடலாம், தனியாள் ஏலாது. ஒருவர் வாங்கினால் மற்றவர் காசில்லாமல் சேரலாம். ஒருவர் கதவைப் பிடித்தால்தான் மற்றவர் உள்ளே போகலாம், ஆளை ஆள் பார்த்து நிற்க வேண்டும். இதுதான் வருசத்திலேயே சந்தோசமாக விளையாடினது என்றாய். பங்குனியில் விளையாடினேன், பிறகு எடுக்கவில்லை என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மற்றக் கேமுக்கெல்லாம் பத்து நிமிசம், இதற்கு ஒன்றரை நிமிசம்.

"ஆரோடயாம் விளையாடினவன்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். நான் எங்கே அறிவேன்? அது உன் சொந்த விசயம். அவள் கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. ஆனால் பங்குனிக்குப் பிறகு நீ சொன்னது எல்லாம் தனியாள் விளையாடுகிற கேம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சின்னவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இரண்டு பேர் விளையாடுகிறதுக்கு இன்னொரு ஆள் தேவையென்றால் ஸ்காபரோவில் ஆளா இல்லை? எங்கள் ஊர்ச்சனம் பாதி அங்கேதானே. பெரியப்பாவின் மகன் இருக்கிறான். சனி ஞாயிறில் போய் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு வா. அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சும்மா போ. காசு அனுப்பாதே, அதை வைத்துக்கொண்டு போய்வா.

விளையாடுகிறதை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. சங்கத்து விறாந்தையில் 304 காட்ஸ் விளையாடி அம்மாவிடம் வாங்காத ஏச்சா? ஆனால் 304க்கு நாலு பேர் வேணும். துரும்பை மறைத்து வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரின் முகத்தைப் பார்க்க வேணும். ஆள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு ஒருவன் சைக்கிளில் போவான். உன் அந்த வீட்டில் ஒருவன் வந்து கதவைத் தட்டுவானா? இதைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக நீ சொன்னதுதான் முதலாவது இடம். எக்ஸ்பெடிசன் 33. பிரான்ஸில் மொன்பெலியே நகரத்தில் அதிகம் பெயர் கேள்விப்படாத கொம்பனி செய்த முதல் கேம், மார்கழியில் அமெரிக்காவில் நடந்த விருது விழாவில் அந்த வருசத்தின் சிறந்த கேம் என்று எடுத்து, மொத்தம் ஒன்பது விருது தூக்கியது என்றாய். முறைக்கு முறை அடிக்கிற ஆட்டம், ஆனால் எதிராளியின் முறையிலும் சும்மா நிற்கேலாது, அவன் கை இறங்குகிற கணத்தில் தடுக்க வேண்டும். இது எனக்கு விளங்கியது, நானும் விளையாடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கதையைச் சொன்னாய். கடலுக்கு அப்பால் பெரிய கல்லொன்றில் ஒருத்தி எண் எழுதுகிறாள். வருசத்துக்கு வருசம் ஒன்று குறைத்து எழுதுகிறாள். எழுதினதும் அந்த வயதுக்காரர் எல்லாரும் நின்ற நிலையிலேயே பூவிதழாகிக் காற்றோடு போய்விடுகிறார்கள். நாள் தெரிந்தபடியால் ஊர் கூடி, மாலை போட்டு, கட்டிப்பிடித்து வழியனுப்புகிறது. அவளை நிறுத்த வருசம் ஒரு கூட்டம் கப்பலேறிப் போகிறது, போனவர்கள் வருவதில்லை. சின்னவன் அந்தத் துறைமுகக் காட்சியையும் போட்டுக் காட்டினான்.

அம்மா அடுப்படிப் படியில் வந்து நின்றாள், அகப்பை கையில். காட்சி முடியும்வரை நின்றாள். குழம்பு அடிப்பிடித்து மணம் வந்த பிறகும் போகவில்லை. பிறகு சின்னவனிடம் கேட்டாள்: "கடைசியில போன ஆக்கள் திரும்பி வருவினமோ அதில?"

அவனுக்குத் தெரியாது. முடிவைச் சொல்லமாட்டேன், கொம்பியூட்டர் கிடைக்கும்போது நீயே விளையாடு என்றுவிட்டாயாம். அம்மா எந்தக் கொம்பியூட்டரில் விளையாடப் போகிறாள்? அன்றிரவு படுக்கும்போதும் கேட்டாள். அடுத்த நாள் கிளிநொச்சிக்கு, வழக்கமாகப் போகிற இடத்துக்கு, அண்ணாவின் படத்தோடு வெளிக்கிட்டபோது பஸ்ஸுக்குள் இருந்தும் கேட்டாள், "பெடியன் ஏதும் சொன்னவனோ" என்று. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசியிலிருந்து அந்தத் தெருவோரத்தில் இருந்து களைத்த சனத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

ஆகவே நீ அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு. எனக்கு வேண்டாம், அவளுக்கு. சின்னவனுக்குச் சொன்ன மாதிரி ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லு. முடிவு நல்லதில்லையென்றால் கொஞ்சம் மாற்றிச் சொல்லு, அவள் சரிபார்க்கப் போவதில்லை. சொல்லி முடிய அவள் உன்னை இரண்டு மூன்று கேட்பாள், வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று. அதற்கும் ஆறுதலாகப் பதில் சொல்லு. மாற்றாமல் சொல்லு. நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், சங்கத்தடிக்குப் போய்விடுவேன்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எடு, அங்கே காலை ஒன்பதரை. விடிய விடிய விளையாடிவிட்டுப் படுத்திருந்தாலும் எழும்பு. காசு அனுப்ப வேண்டாம், நெல் வெட்டினால் எங்களுக்குத் தாராளமாகப் போதும். குளிருக்குத் தலையில் தொப்பி போடு. பெரியப்பாவின் மகனுக்கு நான் போன் பண்ணவில்லை, பண்ணட்டுமா?

அப்பா

பி.கு. சோதனை முடியும்வரை சின்னவனுக்குப் புதுக் கேம் ஒன்றும் சொல்லிவிடாதே. இந்த வரியைப் படம் பிடிக்காமல் விடப் பார்ப்பான். தாளின் அடி தெரியாவிட்டால் எனக்கு அறிவி.