மார்மன் சபை ஏற்றது எதை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் திருமணச் சட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், '2022இல் மார்மன் சபையே தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது' என்று ஒரு வரி இருந்தது. மார்மன்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். யூட்டா மாநிலத்தில், மார்மன் குடும்பங்கள் நிறைந்த தெருவில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். அந்த வரி தவறு. இங்கே பல குடும்பங்கள் படும் பாட்டை அது மறைத்துவிடுகிறது.

சபை 2022 நவம்பரில் ஆதரித்தது 'ரெஸ்பெக்ட் ஃபார் மேரேஜ்' மசோதாவை. ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் தன்பாலினத் திருமணத்தை மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்கிறது அது. கூடவே, எந்த மத அமைப்பும் அப்படிப்பட்ட திருமணத்தை நடத்திவைக்கவோ அதற்கு இடம் கொடுக்கவோ வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் சபை முன்வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதே கடவுள் விதித்த திருமணம் என்ற போதனை மாறாது என்று அதே அறிக்கையில் எழுதியும் வைத்தது. 2008இல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க வந்த 8ஆம் தீர்மானத்துக்குப் பணமும் நேரமும் கொடுங்கள் என்று உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிய சபை இது. அங்கிருந்து பார்த்தால் நகர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்கக்கூடாது என்று 2015 மார்ச்சில் யூட்டா கொண்டுவந்த சட்டத்துக்கும் சபையின் ஆதரவு இருந்தது.

ஆனால் இதெல்லாம் ஊருக்கான சட்டம். சபைக்குள்ளே நிலைமை வேறு. கோயிலில் 'முத்திரையிட்ட' திருமணம் சாவுக்குப் பின்னும் தொடரும், குடும்பம் மறுமையிலும் சேர்ந்திருக்கும் என்பது மார்மன்களின் ஆழ்ந்த நம்பிக்கை. எதிரெதிர்க் கண்ணாடிகள் மாட்டிய அறையில், பீடத்தின் இருபுறமும் மணமக்கள் மண்டியிடுவார்கள். தங்கள் பகுதிச் சபையை நடத்தும் பிஷப்பிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். இன்னொரு ஆணை மணந்தவனுக்கு அந்தச் சீட்டு கிடைக்காது. சபை உறுப்பினர் என்ற இடமே பறிபோகலாம். என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதுதான் நடந்தது. சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்று கோட்டும் டையுமாகக் கோயிலுக்கு வெளியே புல்வெளியில் நின்றிருந்தான். சடங்கு முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, போட்டோவுக்கு மட்டும் சேர்ந்துகொண்டான். இதை என்னிடம் சொன்ன அவன் அம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் சபையை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பாசம் உள்ளவர் வேறு என்ன செய்வார்?

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம் சபையின் 2015 நவம்பர் விதி. தன்பாலினத் திருமணம் செய்த உறுப்பினர்கள் 'விசுவாச துரோகிகள்' என்றது அது. அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்குப் பெயர்சூட்டும் ஆசியும் கிடையாது, எட்டு வயதில் மற்ற பிள்ளைகள் பெறும் ஞானஸ்நானமும் கிடையாது. 18 வயதாகி, அந்த வீட்டை விட்டு வெளியேறி, தன்பாலினத் திருமணம் தவறு என்று மறுதலித்தால்தான் தலைமையின் அனுமதியோடு ஞானஸ்நானம். எட்டு வயதுக் குழந்தை என்ன பாவம் செய்தது? இரண்டே மாதத்தில், பின்னாளில் தலைவரான ரஸ்ஸல் நெல்சன், அந்த விதி இறைவன் வெளிப்படுத்தியது என்றார். 2019 ஏப்ரலில், அவரே தலைவராக இருந்தபோது, அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்றரை வருடங்களில் மனம் நொந்து சபையை விட்டுப் போனவர்களிடம் அந்த அறிவிப்பில் மன்னிப்பு கேட்கவில்லை. போதனையை மாற்ற முடியாது என்று சபை சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்றரை வருடம்தான் ஞாபகம் வருகிறது. இறைவாக்கு என்று சொன்னதையே திரும்பப் பெற முடிந்தவர்களால், ஒரு அண்ணனைத் தங்கை கல்யாணத்துக்கு உள்ளே விடவும் முடியும்.

மார்மன்கள் கல்மனம் படைத்தவர்கள் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் சாப்பாட்டோடு வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களிலேயே எத்தனையோ பெற்றோர் இந்த விதிகள் மாற வேண்டும் என்று பிஷப்பிடம் போய்ப் பேசுகிறார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அதே ஆராதனைக்கும் போகிறார்கள்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். முடிந்தால், சபைக்குள்ளேயே இருக்கும் தன்பாலீர்ப்பாளர்களிடமும் அவர்கள் பெற்றோரிடமும் உங்கள் நிருபர் பேசட்டும்.

அன்புடன்,
யூட்டாவிலிருந்து ஒரு வாசகி